சொல்லாமல் விட்ட ஊர்ப் பெயர்

எங்கள் சமூகவியல் துறைக்குக் குடியேற்றத்தை ஆய்வு செய்யும் உதவிப் பேராசிரியர் ஒருவரை எடுக்க அனுமதி கிடைத்தபோது தேர்வுக் குழுவில் என்னையும் போட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது ஏறக்குறைய ஒரு வருட வேலை. கோடை முடிவில் விளம்பரம், இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள், அப்புறம் வீடியோவில் முதல் சுற்று, கடைசியில் மூன்று பேரை நேரில் வரவழைத்து இரண்டு நாள் வைத்துப் பேசி, துறை மொத்தமும் கூடி ஓட்டெடுப்பு.

விளம்பரத்திலேயே தகராறு தொடங்கிவிட்டது. 'குடியேற்றம்' என்று போட்டால் வந்து சேர்ந்த நாட்டின் பக்கம் நின்று பார்ப்பதாகிவிடும், 'இடப்பெயர்வு' என்றால்தான் விட்டுவந்த ஊரும் உள்ளே வரும் என்று ஒரு மணி நேரம் பேசினோம். வீண் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை, எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வருவார்கள்.

வந்தவர்களிடம் எந்த நாட்டுக்காரர், குடும்பம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது என்று மனிதவளத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா, விசாவுக்குப் பல்கலைக்கழகம் ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமா, இவ்வளவுதான் கேட்கலாம், அதையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி. அப்படியிருந்தும் இரவு விருந்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் எங்கள் மூன்றாவது வேட்பாளரிடம், "உங்க குடும்பம் எங்கேர்ந்து வந்தாங்க?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, தன் மாணவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் நான் குறுக்கிட்டிருக்க வேண்டும், சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் அவருடைய ஆய்வுரை. குடியேற்ற ஆவணங்கள் இல்லாமல் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கும் குடும்பங்களைப் பற்றியது. திரையில் வரைபடமே இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பேர் தெரியாமல் இதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒருவர் கேட்டார். "அந்த ஊரில் இறைச்சி ஆலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி" என்றார் அவர். அதோடு தன் வேலைமுறையை விளக்கினார்: பேட்டிகளை எழுத்தில் எடுத்ததும் ஒலிப்பதிவை அழித்துவிட்டாராம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கவில்லை, வாய்மொழி ஒப்புதல்தான், அதற்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முறையாக அனுமதி பெற்றிருந்தார். ஏனென்றால் அந்தக் கையெழுத்துத் தாள் ஒன்றுதான் அவர்கள் பெயரை இந்த ஆய்வோடு சேர்க்கும் காகிதமாக இருந்திருக்கும். ஒருவரைக் காப்பாற்ற வைத்த படிவமே அவரைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசித்து வேலை செய்கிறவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

இந்தத் துறையின் தொடக்க காலத்தில், 1918 முதல் 1920 வரை, தாமஸ், ஸ்னானியெட்ஸ்கி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் போலந்துக் குடியானவர்களைப் பற்றி எழுதிய தொகுதிகளில் குடும்பக் கடிதங்களே முக்கிய ஆதாரம். அடுத்தவர் வாழ்க்கையை வைத்துத்தான் நாங்கள் எப்போதும் வேலை செய்து வந்திருக்கிறோம். அதனால் அந்தப் பதிலை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆனால் கமிட்டி கூட்டத்தில் ஒருவர் 'மழுப்புகிறார்' என்றார். இன்னொருவர், தன் சொந்தக் கதையையே ஆய்வு ஆக்குகிறாரோ என்று சந்தேகப்பட்டார். அந்தப் பெண் தன் கதை எதையும் எங்களிடம் சொல்லவே இல்லை, பெயரையும் முகத்தையும் வைத்து, சந்தேகப்பட்டவர் தானாக ஊகித்ததுதான் அது. எனக்குக் கோபம் வந்தது. குடும்பத்தை ஆய்வு செய்கிறவருக்குக் குடும்பம் இருப்பதையோ, கல்வியை ஆய்வு செய்கிறவர் பள்ளிக்கூடம் போனதையோ நாம் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லையே, இவரிடம் மட்டும் ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓட்டெடுப்பில் பெரும்பான்மை அவர் பக்கம் விழுந்தது.

வேலைக்கு அழைத்தபோது சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் கேட்டது பூட்டும் அலமாரி ஒன்றும் இணைய இணைப்பே இல்லாத கணினி ஒன்றும். அலமாரி அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, கூடவே இரண்டு சாவி. ஒன்றைத் துறை அலுவலகத்தில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். இரண்டையும் அவரிடமே கொடுத்துவிடச் சொன்னேன்.