அறுபது சட்டம், இரண்டு கண்மாய்

மேலூர்ப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஒரு கண்மாய், மரத்தை வெட்டி எடுத்துவிட்ட இன்னொரு கண்மாய். இரண்டின் உள்வாயிலும் தரைச் செடிகளை எண்ணுவதுதான் என் முதல் களப்பணி. பிவிசி குழாயில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொண்டேன். கண்மாய்க்கு 30 இடம், மொத்தம் 60. மண்டியிட்டு உட்கார்ந்து பொடுதலை, கோரை, கரிசலாங்கண்ணி என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முள் குத்தாத நாளே கிடையாது.

மதுரைக்கு வந்து, இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் போட்டேன். பி மதிப்பு 0.001-க்கும் கீழே: உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “எத்தனை கண்மாய்ப்பா பாத்த?” என்றார்.

“ரெண்டுக்கா.”

“அப்ப உன்கிட்ட இருக்கிறது ரெண்டுதான், அறுபது இல்ல.”

புரிய எனக்குப் பாதி நாள் ஆனது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சரி, முப்பது பருக்கையை நசுக்கிப் பார்த்தாலும் அந்தப் பானையைப் பற்றித்தானே தெரியும்? பக்கத்து வீட்டு உலை வெந்ததா என்று அது சொல்லாது. நான் பேச வந்ததோ சீமைக்கருவேலம் உள்ள எல்லாக் கண்மாய்களையும் பற்றி. ஒரே கண்மாய்க்குள் வைத்த சட்டங்களுக்கு மண்ணும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கணக்கில் ஏற்றினால் பி மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும். இதற்கு சூடோரெப்ளிகேஷன், அதாவது போலிப் பிரதியாக்கம், என்று 1984-ல் பெயர் வைத்தவர் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட். அவர் அலசிய 176 ஆய்வுகளில், புள்ளியியல் சோதனை செய்திருந்தவற்றில் ஏறக்குறைய பாதி இதே தப்பைச் செய்திருந்தன.

அப்புறம் கண்மாய்க்குத் திரும்பப் போனபோது, மடை திறக்கும் பெரியவர் இன்னொன்றைக் காட்டினார். மரம் வெட்டிய கண்மாயின் மடையில் நின்று, “தம்பி, இதுக்குப் பெரியாத்துக் கால்வாய்த் தண்ணி வரும். அங்க வெறும் மழைத்தண்ணிதான். மரம் மட்டுமா வித்தியாசம்?” என்றார். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் என் அட்டவணையில் ஒரு கட்டத்தில்கூட இல்லை. அதை நான் மரத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். இதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. கரையில் நின்று கேட்டால்தான் தெரியும்.

அடுத்த மழைக்குப் பிறகு 12 கண்மாய்களைத் தேர்ந்தெடுத்தேன். மரம் உள்ளவை ஆறு, வெட்டியவை ஆறு. ஒவ்வொரு ஆறிலும் கால்வாய்த் தண்ணீர் மூன்று, மானாவாரி மூன்று. கண்மாய்க்கு ஐந்து சட்டம், அதன் சராசரி ஒரு எண். சட்டங்கள் அதே 60தான், பெட்ரோல்தான் கூடுதல். இடத்தையும் முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எடுத்தேன். சட்டத்தைக் கையால் வீசினால் கை தானாகப் பச்சைப் பக்கம் போகிறது. செடி இல்லாத சட்டத்துக்கு 0 எழுதினேன். வெற்றுக் கட்டம் விட்டால், இல்லையா, எண்ணவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

வித்தியாசம் இருந்தது. ஆனால் முதல் ஆண்டு பார்த்ததில் பாதிகூட இல்லை. மானாவாரிக் கண்மாய்களில் அது இன்னும் சுருங்கியது. அறிக்கையில் அப்படியே எழுதினேன். அதை நம்பி ஒரு ஊர் பொக்லைனைக் கண்மாய்க்குள் இறக்கலாம், இறக்காமலும் விடலாம். இப்போது என் களக் குறிப்பேட்டில் கண்மாயின் பெயருக்கு அடுத்த கட்டமே ‘தண்ணீர் எங்கிருந்து’ என்பதுதான்.