“மகன் உள்ளார்”

போன வாரம் கிருஷ்ணகிரியில், புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இப்படி அவ்வப்போது அழைப்பு வரும். நீடித்த வளர்ச்சி இலக்குகள் பற்றிப் பேச்சு வந்ததும் முன்வரிசைப் பெண் எழுந்து, 2015-ல் ஐ.நா. ஏற்றது, 17 இலக்குகள், 169 உள்இலக்குகள், கெடு 2030 என்று தடங்கலில்லாமல் சொன்னாள். முதல் இலக்கான வறுமை ஒழிப்புக்குள் சமூகப் பாதுகாப்பும் அடக்கம் என்றாள். சந்தோஷமாக இருந்தது. “முதியோர் உதவித்தொகை மனு ஒன்றைக் கையில் வாங்கிப் படிச்சிருக்கியாம்மா?” என்றேன். இல்லை என்றாள்.

நானும் அப்படித்தான் வேலைக்குப் போனேன். பவானிசாகர் பயிற்சியில் தன்பதிவேடு, குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை முடிந்த கோப்பில் டி.டிஸ். வகை 10 வருஷம் இருக்கணும், ஆர்.டிஸ். வகை நிரந்தரம். அந்தப் பாடம் வீண் இல்லை, கோப்பு தொலைந்தால் அலையப்போவது மனுதாரர்தான். ஆனால் அந்தக் கோப்புக்குள் இருக்கிற ஆளின் வீட்டு வாசலுக்கு யாரும் எங்களைக் கூட்டிப்போகவில்லை.

கர்நாடக எல்லையோரம் அஞ்செட்டி பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு பாட்டியின் மனு வந்தது. “மகன் உள்ளார். பரிந்துரைக்கப்படவில்லை” என்று கிராமத்திலிருந்து அறிக்கை. நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து அதே பாட்டி இன்னொரு மனுவோடு வந்து நின்றார். அப்போதுதான் நேரில் போனேன். ஒற்றை அறை ஓட்டு வீடு. அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்தது. டால்டா டப்பாவின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கேழ்வரகு மாவு. மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. “மக எல்லித்தானோ கொத்தில்லம்மா” என்றார். மகன் எங்கே இருக்கிறானோ தெரியாது என்கிறார், என் அரைகுறைக் கன்னடத்துக்கு அது புரிந்தது, மீதியைப் பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

ஆதரிக்க ஆள் இல்லாதவருக்கு உதவித்தொகை என்பது விதி. நாங்கள் பார்த்தது ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும். ஆதரிக்கிறாரா என்று கேட்கவே இல்லை. ஒன்றரைப் பக்கம் புதிதாக எழுதிப் பரிந்துரைத்தேன், உதவித்தொகை கிடைத்தது. போன எட்டு மாதத்தை யார் கொடுப்பது?

அரசு ஊழியர் பயிற்சிக்கான மத்திய அரசின் கர்மயோகி இயக்கம் 2020-லிருந்து விதியைவிட அலுவலரின் பங்கை முன்வைத்துப் பயிற்சி என்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு. கணினியில் பாடம் பார்க்கட்டும். அதோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனுவைக் கொடுத்து, மனுதாரர் வீட்டுக்கு ஒரு நாள் அனுப்ப வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் முப்பது வாக்கியமாவது வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது தானாக வந்துவிடாது.

பெயரை மறைத்த பழைய மனு ஒன்றை வகுப்பில் கொடுத்து, முதலில் என்ன கேட்பீர்கள் என்றேன். வயது, ஆதார், ரேஷன் கார்டு என்றார்கள். முன்வரிசைப் பெண் கொஞ்சம் யோசித்து, “மகன் கடைசியா எப்ப வந்தாருன்னு கேட்பேன் மேடம்” என்றாள். அதைக் கன்னடத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லச் சொல்லி நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள்.