ரப்பர் விளையில் கடி வாங்கிய கால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. பால் வெட்டுவது நான்தான். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிகிறவனுக்குக் கொசுக்கடி ஒரு பொருட்டே இல்லை. கடிக்கும், தட்டுவோம், அடுத்த மரத்துக்குப் போவோம். ஆனால் போன ஜூன் மழையில் பட்டது வேறு மாதிரி.

மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, மரங்களுக்கு நடுவே முளைத்துக் கிடந்த காட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். எது கடித்தது என்று தெரியவில்லை. முசுறு எறும்பு என்றால் கடித்த நொடியிலேயே தெரியும். அட்டை என்றால் ரத்தம் வழிந்திருக்கும். குளவி என்றால் நான் போட்ட சத்தம் பேச்சிப்பாறை வரை கேட்டிருக்கும். இது சத்தமில்லாமல் கடித்துவிட்டுப் போய், சாயங்காலம் குளிக்கும்போதுதான் ஊறத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே ஏழெட்டுத் தடிப்பு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. காலையில் எழுந்து பார்த்தால் கரண்டை எலும்பே தெரியவில்லை. கால் பளபளவென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

மறுநாள் வீக்கம் கூடியதும் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் போகிறது. அதை எதிர்க்க நம் உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளை விடுகிறது. அரிப்பும் தடிப்பும் அதனால்தான் வருகின்றன, விஷம் ஏறியதால் அல்ல. முதல் இரண்டு நாள் கூடும், அப்புறம் தானாக வடியும். காலில் கடித்தால் வீக்கம் இன்னும் அதிகமாகத் தெரியும், நீர் கீழேதானே இறங்கும். சிலருக்கு வடிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

முதலில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றி, பத்து நிமிடம் வைப்பது, எடுப்பது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைப்பது. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, தோல் மரத்துப் புண்ணாகும். தலையணை இரண்டை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தேன். செய்ததில் அதிக பலன் தந்தது இதுதான், பைசா செலவில்லாததும் இதுதான்.

அம்மாவுக்கு இது போதவில்லை. வெற்றிலைப் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லேய் மக்கா, சுண்ணாம்பு இருக்குல்லா, தொட்டு வச்சு விடு. ஒங்க பாட்டாவுக்கு அதான் வைப்போம்."

"தோலு வெந்து போகும்மா. ஒரு நாளு வைக்காம இருந்து பாக்கேன்."

"அப்ப மஞ்சளாவது அரச்சுப் போடு."

சுண்ணாம்பு காரம். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் அதை வைத்தால் கடியோடு ஒரு தீப்புண்ணும் சேரும். மஞ்சள் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. எனக்கு அதில் உள்ள சங்கடம் வேறு: மஞ்சள் பூசிய காலில் சிவப்பு எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாது. பற்பசை பூசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குளிர்ச்சியாக இருக்குமே தவிர, காய்ந்ததும் தோல் இழுத்து இன்னும் அரிக்கும். வேப்பிலை போட்ட தண்ணீரை ஆறவைத்துக் கழுவு என்று அம்மா கடைசியாகச் சொன்னதை மட்டும் கேட்டேன். அம்மாவுக்கும் திருப்தி.

அடுத்தது மெடிக்கல் ஸ்டோர். காலைக் காட்டியதும் கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து நீட்டினார். "இதப் போடுங்க அண்ணே, ராத்திரிக்குள்ள அரிப்பு நிக்கும்." வாங்கித் திருப்பிப் பார்த்தேன். குளோபெட்டாசோல், அதோடு படர்தாமரைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து என்று எல்லாம் ஒன்றாகக் கலந்தது. குளோபெட்டாசோல் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பு நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த டியூப் வீட்டில் இருந்தால் அடுத்து குழந்தையின் முகப்பருவுக்கும் தம்பியின் தொடையிடுக்குப் படைக்கும் போகும். தோல் மெலிந்து, படை உள்ளுக்குள் பரவி, அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காமல் நிற்கும். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அதில் சீரழிந்ததைப் பார்த்தவன் நான். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுப்பது எனக்கு இன்றுவரை ஆத்திரம். டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலமைன் லோஷனும் அரிப்பை அடக்கும் செட்டிரிசின் மாத்திரையும் வாங்கினேன்.

கலமைனைக் குலுக்கிவிட்டுப் பஞ்சில் தொட்டுப் பூசினால் ரோஜா நிறத்தில் பொடியாகக் காயும். பகலில் அதுவே போதும். கஷ்டமெல்லாம் ராத்திரிதான். வேலை நின்று, வீடு அடங்கியதும் அரிப்பு தலை தூக்கும். கை தானாகப் போகும், ஒரு சொறி சொறிந்தால் சொர்க்கம், அடுத்த நிமிடம் முன்னைவிட இரு மடங்கு. படுக்கும் முன் செட்டிரிசின் பத்து மில்லிகிராம் ஒன்று போட்டேன். இது பெரியவர்களுக்கான அளவு. பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லும் அளவில் சிரப். தூக்கம் தள்ளும் மாத்திரை, அதனால் போட்டுவிட்டுப் பைக்கில் ஏறக் கூடாது. விடியும் முன் கத்தி பிடிக்கிறவன் அந்த மயக்கத்தோடு விளைக்குப் போவதும் சரியில்லை, அந்த நாட்களில் நான் வெட்டுக்குப் போகவில்லை. நகத்தை ஒட்ட வெட்டினேன். தாங்க முடியாதபோது சொறிவதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

ஒரு தடிப்பைச் சுற்றி மட்டும் சிவப்பு அகலமாக இருந்தது. மனைவி பிள்ளையின் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சிவப்பின் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு வளைத்து, பக்கத்தில் மணியையும் எழுதினாள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக வலித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் அது வெறும் கடி இல்லை, கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு ஐஸும் கலமைனும் உதவாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோடு போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது. எனக்குச் சிவப்பு கோட்டை நெருங்கி வந்து நின்றது.

இருந்தாலும் மனைவியின் கட்டாயத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா காலை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கச் சொல்லி அக்குள், இடுப்பு, கைலி கட்டும் இடமெல்லாம் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்றார். புதர்க்காட்டில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் அப்படி வருமாம். அது வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது, ஆனால் சில நாள் கழித்துக் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வரும். ஸ்க்ரப் டைஃபஸ். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும், விட்டால் உயிருக்கே ஆபத்து. அரிக்கிற கடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிற நாம் அரிக்காத கடியைத் தேடிப் பார்ப்பதே இல்லை. இப்போது காடு வெட்டிவிட்டு வந்தால் குளிக்கும்போது நானே தேடிப் பார்க்கிறேன், எட்டாத இடத்தை மனைவி பார்க்கிறாள்.

குளவி, தேனீ விஷயத்தில் மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு எல்லை உண்டு. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தாலோ கத்தியின் மழுங்கிய பக்கத்தாலோ உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். மோதிரம், மிஞ்சி இருந்தால் வீங்கும் முன் கழற்ற வேண்டும். உதடும் நாக்கும் தடித்தாலோ, உடம்பு முழுக்கத் திட்டுத்திட்டாக எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ 108-ஐக் கூப்பிடுவதுதான் வைத்தியம்.

வீக்கம் வடிந்த பிறகும் தடிப்பு இருந்த இடங்கள் கறுத்துக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் தடவியதோடு சரி.

இனி விளை. வெட்டு இல்லாத நாட்களில் பால் பிடிக்க மரத்தில் வைத்த சிரட்டை நிமிர்ந்திருந்தால் அதில் மழைத் தண்ணீர் தேங்கி, காலில் வெள்ளை வரி போட்ட கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் இனம்தான் அதுவும். வெட்டு முடிந்தால் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது எங்கள் விளையில் சட்டம். பக்கத்து விளையில் அப்படி இல்லை. ஆள் வெளிநாட்டில், மரம் குத்தகையில். போகிற போக்கில் எல்லைக்கு அருகே உள்ள மரங்களின் சிரட்டையை நானே கவிழ்த்துவிட்டுப் போகிறேன். கவிழ்ப்பது யார் என்று குத்தகைக்காரர் விசாரித்திருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேச வேண்டும்.