மாம்பாலுக்கும் படர்தாமரைக்கும் ஒரே டியூபா?

பெங்களூரா, செந்தூரா பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சும் பால் பட்டுக் கை வெந்து கொப்புளித்தாலும், தொடையிடுக்கில் படர்தாமரை வந்தாலும், கிருஷ்ணகிரிப் பக்கம் பலர் மருந்துக் கடையில் கேட்பது அதே 'அரிப்பு கிரீம்'தான். முன்னதற்கு அது மருந்து. பின்னதற்கு உரம்.

காரணம் தோல் செல்லுக்குள் இருக்கிறது. அந்தக் கிரீமில் இருக்கும் ஸ்டீராய்டு கொழுப்பில் கரைவதால் செல் சவ்வைத் தடையின்றிக் கடக்கும். உள்ளே ஹெச்எஸ்பி 90 என்ற புரதம் பிடித்துவைத்திருக்கும் ஏற்பியில் ஒட்டும். அந்த ஏற்பி உட்கருவுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 ஆகிய சமிக்ஞைகளை அடக்கும். வெள்ளணுக்களை அழைக்கும் சைட்டோகைன்கள் குறைய, வீக்கமும் அரிப்பும் தணியும். மரபணு வழி நடக்கிற வேலை என்பதால் பல மணி நேரம் ஆகும். அரை மணிக்கொரு முறை பூசுவதில் பயனில்லை.

மாம்பால் ஒவ்வாமையில் அந்த அழைப்புதான் தொல்லை, அதை நிறுத்தினால் போதும். படர்தாமரையிலோ பூஞ்சையைத் தடுக்க வருகிற காவலுக்கே அந்த அழைப்பு வேண்டும். அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை பரவும். வட்டத்தின் விளிம்பு மங்கி, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். இதோடு கொலாஜன் உற்பத்தியும் குறைவதால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் வரி விழும். அந்த வரி மறையாது.

மாம்பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தால், ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அது குளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு என்றால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், முகத்தில் வேண்டவே வேண்டாம். முன்கையோடு ஒப்பிட்டால் தாடையோரத் தோல் சுமார் 13 மடங்கும், விதைப்பைத் தோல் சுமார் 42 மடங்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உறிஞ்சும்.

டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தின் பெயர் பக்கத்திலேயே இருந்தாலும் ஸ்டீராய்டுதான். படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்து மட்டும், விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை, மருத்துவர் சொன்ன நாள் முழுக்கப் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் விட்டால் திரும்ப வரும்.

சிவப்பழகுக்கென்று ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் முகத்தில் பூசியவர்கள் நிறுத்தினால், சில நாளில் முகம் சிவந்து எரியும். அதைப் புது நோய் என்று நினைத்து மறுபடி பூசாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. இதுவரை பூசிய டியூப்களையெல்லாம், காலியானதையும் சேர்த்து, எடுத்துப்போய்க் காட்டுங்கள்.