நீதிபோதனை வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது?

அருட்சகோதரிகள் நடத்தும், அரசு உதவி பெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியை, கத்தோலிக்கர் அல்லேன். எங்கள் கால அட்டவணையில் ஒரு பாடவேளையில் மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவியர் தங்கள் சமயப் பாடமான மறைக்கல்விக்குச் சிஸ்டரோடு போய்விட, இந்து, இசுலாமிய மாணவியரும் தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளும் நீதிபோதனைக்கென்று இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

இப்படிப் பிரிப்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தருகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் நிறுவனத்தில் பயிலும் எவரையும், சிறாராயின் காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28(3)ஆவது பிரிவு கூறுகிறது. நல்ல விதி, அதைத் தளர்த்தச் சொல்வது என் நோக்கமன்று.

என் குறையெல்லாம் நீதிபோதனையைப் பற்றியதுதான். மறைக்கல்விக்குப் பாடநூலும் தேர்வும் பரிசும் இருக்கின்றன. நீதிபோதனைக்கோ உண்மை பேசு, பெரியோரை மதி என்பவற்றுக்கு மேல் உள்ளடக்கம் எதுவுமில்லை. பத்தாம் வகுப்பு என்றால் கணக்கு ஆசிரியர் வந்து அந்த வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வார், யாருக்கும் வருத்தமிராது. இதனால், சிலுவை மாட்டிய வகுப்பறையில் ஐந்தாண்டுகள் படித்து, நண்பகல் மணி அடித்ததும் மூவேளைச் செபத்துக்கு எழுந்து நின்று, சாம்பல் புதனன்று தோழியின் நெற்றியில் பூசிய சாம்பலைப் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணுக்கு அவை எதற்கென்று ஒருவரும் சொல்வதில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழி ரமலானில் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமலிருப்பது ஏனென்று கத்தோலிக்கப் பெண்ணுக்கும் தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறாக நடப்பது, வகுப்பு பிரியாமல் உட்கார்ந்திருக்கும் என் தமிழ்ப் பாடவேளையில். பத்தாம் வகுப்புப் பாடநூலில் வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்து ஒரு பகுதி உள்ளது. காட்டில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன், அவளை மண்ணில் அடக்கம் செய்துவிட்டுத் தனித்துப் புலம்பும் இடம். வீரமாமுனிவர் கருணையன் என்று பெயரிட்டது, இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவானுக்கு. "டீச்சர், அவங்க அப்பா எங்கே போனார்?" என்று ஓர் இந்துப் பெண் கேட்டாள். முதிய வயதில் மகன் பிறப்பான் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் யோவானின் தந்தை செக்கரியா பேச்சிழந்த கதையை, லூக்கா நற்செய்தியில் உள்ளபடி, ஒரு கத்தோலிக்க மாணவி தயங்காமல் சொன்னாள். உடனே ஓர் இசுலாமிய மாணவி எழுந்து, ஸக்கரிய்யா நபியும் அவர் மகன் யஹ்யாவும் குர்ஆனிலும் வருகிறார்கள் என்றும், அங்கும் அவர் மூன்று இரவுகள் மக்களிடம் பேசாதிருந்தார் என்றும் சொல்ல, மறைக்கல்வித் தேர்வில் பரிசு வாங்கிய பெண் உள்பட வகுப்பே வியந்து கேட்டது. அணியிலக்கணம் அன்றைக்கு நடக்கவில்லை.

இதற்கும் சமய போதனைக்கும் வேறுபாடு உண்டு. பல சமயங்களைப் பற்றி அறியச் செய்வது 28ஆவது பிரிவு தடுக்கும் போதனையாகாது என்ற வேறுபாட்டை 2002இல், பள்ளிக் கலைத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. திருச்சபைக்கும் இதில் தடையிருக்கக் காரணமில்லை. கிறித்தவக் கல்வி பற்றிய ஏடும், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று கூறும் ஏடும், கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1965 அக்டோபர் 28 என்ற ஒரே நாளில்தான் வெளியாயின.

ஆகவே, மறைக்கல்வி தனியாகவே நடக்கட்டும்; நீதிபோதனை வேளைகளில் சிலவற்றிலேனும் இரு பிரிவினரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் சமயத்தை மற்றவர் கேட்டறிய விடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவருகிறேன். பெற்றோர் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் நிர்வாகத்துக்கு இருக்கிறது. இன்றைய சூழலில் அதை வீண் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. என்னென்ன பேசப்படும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்தத் தயக்கத்தில் பாதி குறையும். எந்தச் சமயத்தையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் அவ்வகுப்பை நடத்தத் தெரிந்த ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை, ஏனென்றால் அதற்கான பயிற்சியை எங்களில் எவரும் பி.எட். படிப்பில் பெறவில்லை.