கசடு இருக்கும் இடத்தில் இருக்கட்டும்

"உள்ளே கசடு இருக்கிறது என்று நீயே சொல்கிறாய். அதை அங்கேயே விட்டுவைப்பதுதான் நல்லது என்றும் நீயே சொல்கிறாய். அது எப்படிச் சரியாகும்?"

பீவர் என்னும் சிறிய மிதவை விமானத்தின் உரிமையாளர் கேட்டது இவ்வளவுதான். எஞ்சினுக்குள் படிந்த கசடைக் கிளப்பிக் கரைக்கும் வேறு வகை எண்ணெய்க்கு மாற அவர் விரும்பினார். அதன் பராமரிப்புப் பொறியாளரான நான் மறுத்திருந்தேன். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டபடியே புரொப்பெல்லரைக் கையால் பிளேடு பிளேடாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக, சக்கரத்தின் ஆரங்களைப் போல நிற்கும். இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அவசரத்தில் பலர் தவிர்க்கும் வேலை இது. அவர் ஒருநாளும் தவிர்த்ததில்லை. விவரம் தெரியாத முதலாளி என்று அவருடைய கேள்வியை ஒதுக்கிவிட என்னால் முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"கசடு இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அதைக் கிளப்புவதுதான் ஆபத்து" என்று பதில் சொன்னேன். பணிப் பதிவேட்டிலும் இதுவரை ஊற்றிவந்த எண்ணெய் வகையையே எழுதிக் கையெழுத்திட்டேன். பேச்சு அத்துடன் முடிந்தது. என் மனத்தில் முடியவில்லை.

எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ஆர்-985. ஒன்பது சிலிண்டர், 450 குதிரைத் திறன். அதன் தயாரிப்பு 1953இலேயே நின்றுவிட்டது. இன்று பறப்பவை எல்லாம் பிரித்து, பழுதுபார்த்து, மறுபடி பூட்டப்பட்டவை. முந்தைய உரிமையாளர் கடைசி ஓவர்ஹாலிலிருந்து, அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்ததிலிருந்து, விற்ற நாள்வரை கலப்பில்லாத மினரல் எண்ணெய்தான் ஊற்றியிருந்தார். விமானத்துறையில் 100 என்று குறிக்கிற, கார்க்காரர்கள் எஸ்ஏஇ 50 என்று சொல்கிற கெட்டி எண்ணெய். வருடாந்திரச் சோதனையில் புரொப்பெல்லரின் சிலிண்டரைக் கழற்றினேன். பிளேடின் கோணத்தை மாற்றுவதும் எஞ்சின் எண்ணெயின் அழுத்தம்தான் என்பதால், எஞ்சினுக்குள் சுற்றுகிற அழுக்கில் ஒரு பங்கு அங்கேயும் வந்து படியும். உள்சுவரில் விரலை வைத்து இழுத்தேன். எள்ளை அரைத்த விழுதைப் போல, சாம்பலும் கறுப்புமாக ஒரு படலம் வழித்துக்கொண்டு வந்தது. இந்த எஞ்சினுக்கு ஊற்றும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. எரிந்தபின் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் ஈயச் சேர்மங்களும் கரியும் கலந்துதான் அந்த நிறம். புரொப்பெல்லரில் இவ்வளவு என்றால் கிராங்க் தண்டின் உள்வெற்றிடத்தில் எவ்வளவு இருக்கும் என்பதே அப்போது எனக்கு வந்த எண்ணம். சுழலும் வேகத்தில் கனமான அழுக்கெல்லாம் அங்கேதான் போய் அப்பிக்கொள்ளும்.

அவர் கேட்டவை இரண்டு. ஒன்று, இனிமேல் டிஸ்பெர்சன்ட் எண்ணெய், அதாவது அழுக்கைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் எண்ணெய், ஊற்ற வேண்டும், ஏரோஷெல் டபிள்யூ100 போல. மற்றொன்று, கார் உதிரிபாகக் கடையிலிருந்து அவரே வாங்கிவந்த ஒரு பாட்டில். தேய்மானத்தைக் குறைக்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது.

பாட்டிலை மறுத்ததில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. கார் எண்ணெய்களிலும் அவற்றுக்கான கலவைகளிலும் துத்தநாகம், கால்சியம் போன்ற உலோகங்கள் இருக்கும். ரேடியல் எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே ஓடுவது. எரிகிற எண்ணெயிலுள்ள உலோகம் சாம்பலாகி எரியறைக்குள் ஒட்டும். அது கனன்றால் ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஓட்டையாக அது போதும். இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ரேடியல்களில் மற்ற ராடுகளெல்லாம் மாட்டியிருக்கும் முதன்மை ராடான மாஸ்டர் ராடின் பேரிங்குகளில் வெள்ளி பயன்பட்டிருக்கிறது. துத்தநாகக் கலவைக்கும் வெள்ளிக்கும் ஆகாது. அமெரிக்காவின் இஎம்டி டீசல் ரயில் எஞ்சின்களிலும் வெள்ளி பேரிங் இருந்ததால் அவற்றுக்குத் துத்தநாகம் இல்லாத எண்ணெயைத் தனியாகத் தயாரித்தார்கள். இதையெல்லாம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

எண்ணெய் விஷயத்தில் காகிதம் அவர் பக்கம் இருந்தது. டிஸ்பெர்சன்ட் எண்ணெயை எஞ்சின் உற்பத்தியாளரே தம் தொழில்நுட்ப அறிவிப்பான சர்வீஸ் புல்லட்டின் 1183இல் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதில் சாம்பலாகும் உலோகம் கிடையாது. கரித்துகளையும் ஈயத்துகளையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் மிதக்கவைத்து வடிகட்டிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். மிச்சமுள்ளது எண்ணெய் மாற்றும்போது வடிந்துவிடும். தொடக்கத்திலிருந்தே அதை ஊற்றிய எஞ்சினைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும். நான் பார்த்திருக்கிறேன், அதில் வாதமே இல்லை.

ஆனால் பல வருடம் கசடு படிந்த எஞ்சினில் அதை ஊற்றினால், அந்த வேலையைப் பழைய கசடின்மீதும் அது செய்யத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் நல்லது. கட்டியாகப் பெயர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சிறிய எண்ணெய்த் துவாரம் ஒன்று அடைத்துக்கொள்ளும். எது நடக்கும் என்பதை எந்த புல்லட்டினும் எஞ்சின் எஞ்சினாகச் சொல்லாது. அந்த விமானம் பறந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடல் நுழைவுகள். இருபுறமும் செங்குத்தான மலை, கீழே கைகால் விறைத்துப்போகும் தண்ணீர். பயணிகளோடு போவது ஒற்றை எஞ்சினில். மிதவை இருப்பதால் எங்கும் இறங்கிவிடலாம் என்பது கரையில் நின்று பேசுகிறவர்களின் நம்பிக்கை. அலை எழுந்த நாளில் எஞ்சின் நின்ற விமானத்தை அங்கே இறக்குவது என்னவென்று விமானிகளிடம் கேட்டால் தெரியும்.

அதனால் மறுத்தேன். இப்படிச் சொல்லும்போது என் முடிவு எனக்கே நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, அது எனக்குத் தெரியாததல்ல. எண்ணெயை மாற்றிவிட்டு, பயணிகள் இல்லாமல் தளத்தின் அருகிலேயே சில மணி நேரம் பறந்து, ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் திறந்து பார்த்து, சுத்தமாக வரும்வரை எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவது. பருவம் தொடங்கியிருந்தது, விமானத்தை அப்படி நிறுத்திவைக்க அவரால் முடியாது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஒப்புக்கொண்டிருந்தாலும் நான் துணிந்திருப்பேனா?

பிறகு ஓட வேண்டிய மணிக்கணக்கு முடிந்து எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் போனது. பிரித்தபோது போய்ப் பார்த்தேன். கிராங்க் தண்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே கசடு இறுகிப்போய், சுரண்டி எடுக்க வேண்டிய நிலையில் இருந்தது. எண்ணெய் போகும் வழி பாதிக்கு மேல் குறுகியிருந்தது. மாஸ்டர் ராட் பேரிங் நன்றாக இருந்தது. இதை நான் பார்த்தால், இவ்வளவும் ஒரே சமயத்தில் பெயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. அவர் பார்த்தால், இன்னும் கொஞ்சம் குறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். ஒரே கிராங்க் இருவருக்கும் சாட்சி சொல்கிறது.

துரு வேறு இருந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் வளையத்தில் புள்ளி புள்ளியாக, இரண்டு சிலிண்டர் சுவர்களில் பட்டையாக. குளிர்காலத்தில் உப்புக்காற்றில் கட்டிக்கிடந்த விமானம். நடுநடுவே தரையிலேயே கொஞ்சம் ஓட்டிவைப்பது பழைய உரிமையாளரின் வழக்கம். அது உதவாது. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீர் எண்ணெயில் சேரும், ஆவியாகிப் போகுமளவுக்கு எண்ணெய் சூடேறாது. விமான எஞ்சினுக்கென்றே துருத்தடுப்புக் கலவைகள் விற்கிறார்கள். கார்க் கலவையை மறுத்த வேகத்தில் அப்படி ஒன்றை அவரிடம் நான் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. 'கலவை' என்று காதில் விழுந்தவுடனே கதவைச் சாத்திவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதற்குப் போதிய காரணமும் உண்டு. என்றாலும் அந்தத் துருப்புள்ளிகளைத் தடவிப் பார்த்தபோது அந்தக் காரணங்கள் எனக்குப் போதவில்லை.

எஞ்சின் திரும்பி வந்தது. புதிய வளையங்கள் சிலிண்டரோடு பழகும்வரை மினரல் எண்ணெய், அதன்பின் டிஸ்பெர்சன்ட் என்று அவரிடம் நானே சொன்னேன். சுத்தமான எஞ்சினுக்கு அதை முடிவு செய்யத் துணிச்சல் ஒன்றும் தேவையில்லை. அவர் பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது இளம் பொறியாளர்கள் இதே கேள்வியோடு வந்தால், மாற்றுங்கள், ஆனால் வடிகட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள் என்று சொல்கிறேன். மனதாரத்தான் சொல்கிறேன். சென்ற மாதம் இன்னொரு பழைய ஆர்-985 என் பொறுப்பில் வந்தது. அதே கதை, அதே சாம்பல் படலம். உரிமையாளரிடம் மூன்று வழிகளையும் சொன்னேன், துருத்தடுப்புக் கலவையையும் சேர்த்து. "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். மினரல் 100 என்றேன். அதையே எழுதிக் கையெழுத்திட்டேன்.