ஏழரை மணிப் பசி

நுவரெலியாவில் நாலு நாளாக விடாத மழை. நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கியபோது ஏழரை, ஈரக் குடையை வாசலில் விரித்துவிட்டு நேராகக் கம்பளிக்குள் போய்விடலாம் என்றுதான் இருந்தது. மகன் விடவில்லை. "அம்மா, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

இந்த மாதிரி இரவுகளுக்கென்றே அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். சோயா மீட், மைசூர் பருப்பு, தேங்காய்ப்பால் மா, கோதுமை மா. சோயாவைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்தால் அந்தப் பச்சை வாசம் போய்விடும் (பிழியாமல் போடுகிறவர்கள்தான் சோயா பிடிக்காது என்பார்கள்). மைசூர் பருப்பை ஊறப்போடத் தேவையில்லை, ஆனால் 1,800 மீற்றருக்கு மேலே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பில் இருக்கிற அக்கா சொல்லும் நேரக் கணக்கு இங்கே எடுபடாது. கொண்டைக்கடலை என்றால் பிரஷர் குக்கர் இல்லாமல் கதையே இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவித்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன்.

அப்புறம் கட்டச் சம்பல். மாசிக் கருவாடு சேர்க்காமல் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இடித்துப் போத்தலில். தேசிக்காயைச் சாப்பிடும்போது பிழிந்தால் சரி. நேற்று அதுதான் காப்பாற்றியது. ரொட்டி தட்டி, ஓரம் கொஞ்சம் கருகவிட்டு, சம்பலும் பிளேன்டீயும். பருப்புக்கூட வைக்கவில்லை. பாதியில் கரண்ட் போய், மெழுகுதிரி வெளிச்சத்தில் மகன் நாலாவது ரொட்டி கேட்டான், மா முடிந்துவிட்டது.